நாலு சக்கரப் பெட்டியா, ரெண்டு சக்கரப் பெட்டியா, தோளில் மாட்டுகிற பையா?

ஆடித் தள்ளுபடி போர்டு மாட்டினதும் இந்தக் கேள்வி வர ஆரம்பித்துவிடும். பையன் சென்னையில் வேலைக்குச் சேர்கிறான், மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா போகணும், திருப்பூரிலிருந்து அடிக்கடி பெங்களூர் போய் வருகிறேன், எந்தப் பெட்டி வாங்குவது? கடைக்குப் போனால் பளபளவென்று நிற்கிற நாலு சக்கரப் பெட்டியைத்தான் முதலில் காட்டுவார்கள். டைல்ஸ் தரையில் ஒரு விரலால் தள்ளினாலே ஓடும். அதிலேயே பாதிப் பேர் விழுந்துவிடுகிறார்கள்.

என் கட்சி இதுதான்: பெட்டி உருளுகிற இடத்தைப் பார்த்து வாங்காதீர்கள், அதைத் தூக்க வேண்டிய இடத்தைப் பார்த்து வாங்குங்கள். கோவை பீளமேடு ஏர்போர்ட்டுக்குள்ளே பெட்டி உருளுகிற தூரம் கொஞ்சம்தான். அங்கே போய்ச் சேர்வதற்குள் தோட்டத்து வீட்டிலிருந்து இட்டேரி (வேலிகளுக்கு நடுவே போகிற மண்தடம்), அப்புறம் தம்பியின் எக்ஸ்எல் வண்டியில் முன்னால் குறுக்கே வைத்து மெயின் ரோடு வரைக்கும், அப்புறம் டவுன் பஸ் படி, காந்திபுரத்தில் ஆம்னி பஸ் டிக்கி என்று ஏழெட்டு இடத்தில் அதைத் தூக்கி இறக்கியாக வேண்டும்.

## முதலில் எதையெல்லாம் பார்ப்பது

தரை. உங்கள் பயணத்தில் மோசமான நூறு அடி எது? மண்தடமா, ஜல்லி கொட்டின பிளாட்பாரமா, லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியா? அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலி எடை. உள்நாட்டு விமானத்தில் சாதாரண டிக்கெட்டுக்கு செக்-இன் 15 கிலோ, கையில் 7 கிலோ என்பதுதான் பெரும்பாலான நிறுவனங்களின் கணக்கு. நடுத்தர அளவு கெட்டிப் பெட்டி காலியாகவே மூன்றரையிலிருந்து நாலரை கிலோ வரும். ஒரு சட்டை வைப்பதற்கு முன்பே கால்வாசி போயாச்சு. கேபின் பெட்டியில் இது இன்னும் மோசம். 7 கிலோவில் பெட்டி மட்டுமே இரண்டரை மூன்று கிலோ தின்றுவிடும், லேப்டாப்பையும் சார்ஜரையும் வைத்தால் பாக்கி என்ன இருக்கிறது?

ரயிலில் எடை பெரிய தொல்லை இல்லை. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ஒருவருக்கு 40 கிலோ, இரண்டடுக்கு ஏசியில் 50 கிலோ இலவசம். அங்கே அளவுதான் விஷயம். பொதுவாக 100×60×25 செ.மீ. வரை உள்ள சாமானை ரயில் பெட்டிக்குள் கொண்டுபோகலாம் என்பது விதி, மூன்றடுக்கு ஏசிக்கும் சேர் காருக்கும் அது 55×45×22.5 செ.மீ. தான். யாரும் டேப் எடுத்து அளந்து நான் பார்த்ததில்லை, ஆனால் கீழ் பெர்த்துக்கு அடியில் நுழையாத பெட்டி நடைபாதையில் நின்றால் போகிற வருகிறவர்கள் எல்லோரும் திட்டிவிட்டுப் போவார்கள்.

திறக்கிற விதம், பூட்டு, ரிப்பேர். இந்த மூன்றையும் கடையில் யாரும் பேச மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

## சக்கரம் வந்த கதை கொஞ்சம்

இதைச் சொல்லாமல் ஒப்பீடு சரியாகப் பிடிபடாது, ஏனென்றால் ஒவ்வொரு பெட்டியும் யாரோ ஒருவருடைய தொல்லைக்காகச் செய்யப்பட்டது. பழைய டிரங்குகளுக்கு மூடி வளைந்திருக்கும், மழைத்தண்ணீர் வழிந்து ஓடுவதற்காக. 1858-இல் பாரிஸில் லூயி வுய்த்தோன் மூடியைத் தட்டையாக்கினார், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க முடிந்தது. அது எவ்வளவு கனத்தால் என்ன? வாங்கினவர் தூக்கவில்லை, தூக்குவதற்குக் கூலியாள் இருந்தார்.

சக்கரம் ரொம்ப லேட்டாகத்தான் வந்தது. பெர்னார்ட் சேடோ என்கிற அமெரிக்க லக்கேஜ் கம்பெனி அதிகாரி 1970-இல் குடும்பத்தோடு அரூபா தீவுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, ஏர்போர்ட்டில் ஒரு ஆள் கனமான மெஷின் ஒன்றைச் சக்கரம் வைத்த பலகையில் அலட்டாமல் உருட்டிக்கொண்டு போவதைப் பார்த்தார். பெட்டிக்கு அடியில் நாலு சின்னச் சக்கரம், இழுக்க ஒரு வார், 1972-இல் காப்புரிமை. ஆம்பளைங்க பெட்டியை உருட்டிக்கொண்டு போவார்களா என்று கடைக்காரர்கள் முதலில் வாங்கவே யோசித்தார்களாம். அந்தப் பெட்டி ஆடிக்கொண்டேதான் வரும், திருப்பத்தில் சாய்ந்துவிடும். 1987-இல் நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் விமானி ராபர்ட் பிளாத் பெட்டியை நெட்டுக்குத்தாக நிறுத்தி, இரண்டு சக்கரமும் இழுத்தால் நீளுகிற கைப்பிடியும் வைத்தார். முதலில் கூட வேலை பார்த்த விமானிகளுக்கும் பணிப்பெண்களுக்கும்தான் விற்றார். அவர்கள் விறுவிறுவென்று இழுத்துப் போவதைப் பார்த்துப் பயணிகளும் கேட்க ஆரம்பித்தார்கள். எல்லாப் பக்கமும் சுழலுகிற நாலு சக்கரம் பரவலானது 2000-க்குப் பிறகு.

இந்தச் சக்கரம் எல்லாமே ஏர்போர்ட் தரைக்காக யோசித்தது. இவர்கள் யாரும் இட்டேரியில் பெட்டி இழுத்தவர்கள் இல்லை.

## 1. கெட்டிப் பெட்டி, நாலு சக்கரம்

நல்ல தரையில் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. நிமிர்ந்தபடியே பக்கத்தில் வரும், கையில் துளி பாரம் ஏறாது. தோள்பட்டை வலி, முட்டி வலி இருக்கிறவர்களுக்கு இது பெரிய உபகாரம். எண்ணெய்ப் பாட்டில் உள்ளே கசிந்தால், பெட்டியின் ஓடு பிளாஸ்டிக்தான், துடைத்துவிடலாம், உள்துணி மட்டும்தான் நாறும். டிக்கியில் மேலே கனம் ஏற்றினாலும் உள்ளே இருப்பது நசுங்காது, ஓடு நல்ல சரக்காக இருந்தால்.

அந்த 'இருந்தால்' என்கிற இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கடையில் ஒரே மாதிரி மின்னுகிற மூன்று பெட்டி மூன்று வேறு பிளாஸ்டிக்காக இருக்கும். ஏபிஎஸ் விலை குறைவு, விறைப்பாக நிற்கும், ஆனால் மூலையில் பலமாக இடி விழுந்தால் வளையாமல் விரிசல் விடும், விரிசலுக்கு முன்னால் அந்த இடம் வெள்ளையாக வெளிறும். பாலிகார்பனேட் அமுங்கி மறுபடி வெளியே வரும், 2000-இல் ஜெர்மனியின் ரிமோவா அதை வைத்துப் பெட்டி செய்த பிறகு மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். பாலிப்ரோப்பிலீன் அச்சில் வார்த்து வருவது, பளபளப்பு குறைவு, பார்க்க ஏதோ பக்கெட் மாதிரி இருக்கும், ஆனால் இடியைத் தாங்கும், கீறலும் அவ்வளவாகத் தெரியாது. எனக்குப் பிடித்தது அதுதான். லேபிளில் ஏபிஎஸ், பாலிகார்பனேட் இரண்டையும் சேர்த்துப் போட்டிருந்தால் பெரும்பாலும் ஏபிஎஸ்தான் கூடுதல் என்று எடுத்துக்கொள்ளுங்கள், மேலே மெலிதாக ஒரு படலம் மட்டும் மற்றதாக இருக்கும்.

ஓட்டில் வரிவரியாக ஓடுகிற மடிப்பு அழகுக்கு மட்டும் இல்லை. தட்டைத் தகடு வளையும், மடித்த தகடு வளையாது. இதே ரிமோவா 1950-இல் அலுமினியப் பெட்டிக்கு அந்த வரிகளைப் போட்டபோது முன்மாதிரி யுங்கர்ஸ் விமானத்தின் நெளிதகட்டு உடம்பு.

இனி குறைகள். சக்கரம் சின்னது, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ஜல்லியில் மாட்டிக்கொள்ளும், மண்ணில் புதையும். சரிவான இடத்தில் விட்டால் தானாகப் போய்விடும், ரயிலிலும் பஸ்ஸிலும் படுக்க வைக்காவிட்டால் ஊர்வலம் போகும். புத்தகம் மாதிரி சரிபாதியாகத் திறப்பதால் தரையில் இரண்டு மடங்கு இடம் வேண்டும். ரயிலில் இரண்டு பெர்த்துக்கு நடுவில் அதைத் திறந்து ஒரு துண்டு எடுக்க முயன்றவர்களுக்குத் தெரியும் அந்தக் கஷ்டம்.

## 2. துணிப் பெட்டி, ரெண்டு சக்கரம்

நம் பக்கத்துக்கு நான் அதிகம் சிபாரிசு செய்வது இதைத்தான், கடைக்காரர்கள் கடைசியாகக் காட்டுவதும் இதைத்தான். நாலு சக்கரம் வந்த பிறகு மவுசு போய்விட்டது, அதனால் நல்ல சரக்கே தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

சக்கரம் பெரிதாக, பாதி பெட்டிக்குள்ளேயே புதைந்திருக்கும். சாய்த்து இழுத்தால் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும், படியில்கூட ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போகலாம். கொஞ்சம் பாரம் மணிக்கட்டில் ஏறும், அதுதான் விலை. ஒரே பக்கம் மூடி திறப்பதால் சுவரோரம் வைத்தே எடுக்கலாம், முன்பக்கப் பையில் டிக்கெட், மாத்திரை, சீப்பு எல்லாம் போட்டுக்கொள்ளலாம். வாடகைக் காரில் சிஎன்ஜி சிலிண்டர் டிக்கியில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும்போது அமுக்கி உள்ளே தள்ள முடிவதும் இதைத்தான்.

துணியைப் பார்த்து எடுக்கத் திருப்பூர், ஈரோடு, சோமனூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஒரு விஷயம் தவிர. லேபிளில் 600 டி, 1680 டி என்று போட்டிருப்பது டெனியர், அதாவது 9,000 மீட்டர் இழையின் எடை எத்தனை கிராம் என்பது. பருத்தி நூலின் கவுண்ட் கணக்குக்கு நேர்மாறு: நாற்பதாம் நம்பர் இருபதை விட மெல்லிசு, ஆனால் டெனியரில் எண் ஏற ஏற இழை தடிமன். 600-க்குக் கீழே போகாதீர்கள். அதற்காக 1680 என்று போட்டிருந்தாலே உசத்தி என்றும் இல்லை, நெசவு நெருக்கமாக இருக்கிறதா, உள்பக்கம் தையல் ஓரத்தில் பட்டி அடித்திருக்கிறார்களா, கைப்பிடி உட்காருகிற இடத்தில் உள்ளே தகடு வைத்து ரிவெட் அடித்திருக்கிறதா என்று உள்துணியின் ஜிப்பைத் திறந்து எட்டிப் பாருங்கள். முக்கால்வாசிப் பெட்டி கிழிவது துணியில் இல்லை, கைப்பிடித் தையலில்.

மழையை நம்பாதீர்கள். துணி தாங்கினாலும் தையல் வழியாகத் தண்ணீர் இறங்கும். ஆம்னி பஸ் டிக்கியில் ஈரம், தூசி, டீசல் வாடை மூன்றும் சேரும், திருப்பூர் பண்டல் ஒன்றைத் தூக்கி உங்கள் பெட்டி மேலேயே போடவும் செய்வார்கள். உள்ளே ஒரு தடிமனான பாலிதீன் பை விரித்து அதற்குள் துணி வைத்தால் தீர்ந்தது. கண்ணாடிச் சாமானுக்கு இந்தப் பெட்டி ஆகாது.

## 3. டஃபிள் பை, ரக்ஸாக்

டஃபிள் என்பது நீளமான துணிப் பை, ரக்ஸாக் முதுகில் மாட்டுவது. காலி எடை ஒன்று ஒன்றரை கிலோ. சக்கரம் இல்லை, இழுக்கிற கைப்பிடி இல்லை, கெட்டுப்போக ஒன்றும் இல்லை. வால்பாறை ஏறுகிற பஸ்ஸில், நாற்பது கொண்டை ஊசி வளைவிலும், மேலே ரேக்கில் சொருகினால் அசையாது. பைக்கில் போகிறவர்களுக்கும், ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில் மடித்துப் போடுகிறவர்களுக்கும் இதைவிட வேறு எதுவும் வேண்டாம்.

எட்டுப் பத்து கிலோ வரை சுகம். அதற்கு மேல் டஃபிளின் ஒற்றைப் பட்டை தோளை அறுக்கும். ரக்ஸாக் என்றால் இடுப்புப் பட்டை உள்ளதாகப் பாருங்கள், அதை இறுக்கினால் பாரத்தில் பெரும்பகுதி தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கிவிடும். இடுப்புப் பட்டை இல்லாத பெரிய பை வெறும் தண்டனை. இஸ்திரி போட்ட சட்டையை இதில் வைத்து மீட்டிங்குக்குப் போக நினைக்காதீர்கள்.

## வீட்டில் கிடக்கிற பழைய சூட்கேஸ்

கல்யாணச் சீரில் வந்த மோல்டட் சூட்கேஸ் பல வீட்டு அட்டாலியில் (பரணில்) இன்னும் இருக்கும், இரண்டு பக்கமும் கொக்கி, 1970, 80-களில் வி.ஐ.பி. போன்ற கம்பெனிகள் நாடு முழுக்கக் கொண்டுசேர்த்த வகை. ஜிப்பே இல்லாததால் பாதுகாப்பில் இப்போதைய பல பெட்டிகளை விட மேல். பத்திரம், பட்டுப்புடவை வைக்க நல்லது. பயணத்துக்கு எடுக்க வேண்டாம், கை கழன்றுவிடும்.

## ஒரே பார்வையில்

| | கெட்டி, 4 சக்கரம் | துணி, 2 சக்கரம் | டஃபிள் / ரக்ஸாக் |
|---|---|---|---|
| ஏர்போர்ட், மால் தரை | பிரமாதம் | நல்லது | தோள்தான் பாவம் |
| மண்தடம், ஜல்லி, படி | மோசம் | நல்லது | பிரமாதம் |
| காலி எடை (நடுத்தர அளவு) | 3.5–4.5 கிலோ | 3–4 கிலோ | 1–1.5 கிலோ |
| திறக்க இடம் | இரண்டு மடங்கு | ஒரு மடங்கு | மேலே திறந்தால் போதும் |
| பாட்டில், ஜாடி | ஏற்றது | கவனம் வேண்டும் | வேண்டாம் |
| உள்ளூரில் ரிப்பேர் | கடினம் | சுலபம் | மிகச் சுலபம் |
| மழை | ஜிப் வழியாகக் கொஞ்சம் | உள்ளே பாலிதீன் தேவை | உறை தேவை |

## பில்லில் வராத செலவு

ரிப்பேரில் ஆரம்பிக்கிறேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பேக் ரிப்பேர் செய்கிற ஒருவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "ஜிப்புல ரன்னர் போச்சுன்னா பத்து நிமிசமுங்க. நாலு வீல்ல ஒண்ணு போனா அதே ஓட்டைக்குப் பொருந்தற வீலு தேடோணுமுங்க, கெடைக்காட்டி நாலையும் மாத்தோணும். இழுக்கற கைப்பிடி ஒடஞ்சா கம்பெனிக்குத்தான் அனுப்போணும்." அதனால் சர்வீஸ் சென்டர் கோவையிலோ ஈரோட்டிலோ இருக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள், சென்னைக்கோ பெங்களூருக்கோ காலிப் பெட்டியைப் பார்சல் அனுப்புகிற செலவு சின்னதில்லை.

வாரண்டி என்பது தயாரிப்புக் குறைக்கு மட்டும். ஏர்லைன்ஸ்காரர்கள் தூக்கிப் போட்டு உடைத்தால் கம்பெனி பொறுப்பில்லை. உடைந்த பெட்டியோடு வெளியே வந்துவிடாதீர்கள், பெல்ட் பக்கத்திலேயே கவுன்டரில் புகார் எழுதி நகல் வாங்குங்கள். சர்வதேசப் பயணத்தில் சேதத்துக்கு ஏழு நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுத்தாக வேண்டும் என்று மான்ட்ரியல் ஒப்பந்தம் சொல்கிறது.

அடுத்தது எடை. கூடுதல் கிலோ ஒவ்வொன்றுக்கும் சில நூறு ரூபாய் கேட்பார்கள். ஒரு கிலோ குறைவான பெட்டிக்குக் கூடக் கொஞ்சம் விலை கொடுத்தாலும் நாலைந்து பயணத்தில் கழிந்துவிடும். தொங்கு தராசு ஒன்று வாங்கி வைத்தால் போதாதா என்று கேட்டால், உதவும், ஆனால் தராசு எடையைச் சொல்லும், குறைக்காது.

அப்புறம் அட்டாலி. வருடம் ஒருமுறை எடுக்கிற பெட்டியைக் கோடை வெக்கையில் மேலே போட்டு வைத்தால், சில வருடத்தில் துணியின் உள்பூச்சு பிசுபிசுவென்று ஒட்டும், பிறகு உரியும். மெத்தென்று ஓடுகிற பாலியூரிதேன் சக்கரம் பார்க்க நன்றாகவே இருக்கும், காற்றிலுள்ள ஈரத்தில் உள்ளுக்குள் சிதைந்திருக்கும், இழுத்த முதல் நாளே உதிரும். எடுத்தால் போதும் என்று பயணத்துக்கு முந்தின ராத்திரி இறக்காதீர்கள், ஒரு வாரம் முன்னால் இறக்கி வாசலில் உருட்டிப் பாருங்கள்.

பூட்டுக்காகக் கூடுதல் காசு கேட்பார்கள். அமெரிக்க ஏர்போர்ட்டுகளில் சோதனை செய்கிற பாதுகாப்புப் பிரிவினர் பொதுச்சாவியால் திறக்கிற டிஎஸ்ஏ பூட்டு அமெரிக்கா போகிறவர்களுக்குத்தான் உதவும், சேரன் எக்ஸ்பிரஸில் போகிறவருக்கு அது வெறும் சிவப்பு முத்திரை. அந்தப் பொதுச்சாவிகளின் படமே வெளியாகி, அதை வைத்து 2015-இல் ஆட்கள் 3டி பிரின்டரில் சாவியே அச்சடித்துவிட்டார்கள். அதைவிட முக்கியம் ஜிப். சுருள் பல் ஜிப்பை ஒரு பால்பாயின்ட் பேனா முனையால் குத்திப் பிரிக்கலாம், பிறகு ரன்னரை மேலே ஓட்டினால் மூடிக்கொள்ளும், திறந்த தடமே தெரியாது. ரன்னர் இரண்டும் பெட்டி உடம்போடு சேர்ந்து பூட்டுகிற மாதிரி இருந்தால் அதை ஓட்டி மூட முடியாது, திருட்டு நடந்தது தெரியவாவது வரும். ரயிலில் பழைய வழிதான்: பெர்த்துக்கு அடியில் இருக்கிற வளையத்தில் சங்கிலி. நகையும் பாஸ்போர்ட்டும் எந்தப் பெட்டியிலும் செக்-இன்னில் போகக் கூடாது. பவர் பேங்க்கும் அப்படித்தான், கையில்தான் கொண்டுபோக வேண்டும். பேட்டரி கழற்ற முடியாத 'ஸ்மார்ட்' பெட்டியை செக்-இன்னில் ஏற்க மாட்டார்கள், வாங்காதீர்கள்.

## சரி, யாருக்கு எது

பேரனைப் பார்க்க அமெரிக்கா போகிற அப்பா அம்மா. கெட்டிப் பெட்டி, நாலு சக்கரம், பாலிப்ரோப்பிலீன். வீட்டு வாசலில் கார் ஏறி ஏர்போர்ட்டில் இறங்குகிற பயணம் இது, தூக்குவதற்குப் பையனோ மாப்பிள்ளையோ இருப்பார். பருப்புப்பொடி, மஞ்சள்தூள், நாட்டுச்சர்க்கரை, செக்கு எண்ணெய் என்று போகிற சரக்குக்கும் இதுதான் சரி. பெரும்பாலும் ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ. நீளம், அகலம், உயரம் கூட்டி 158 செ.மீ. தாண்டக் கூடாது, சக்கரத்தையும் கைப்பிடியையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு, கடையில் போட்டிருக்கிற அளவு சில சமயம் சக்கரத்தை விட்டுவிட்டு பிளாஸ்டிக் ஓடு மட்டும் அளந்ததாக இருக்கும். 'எக்ஸ்பாண்டர்' ஜிப்பைத் திறந்து விரித்தால் 158 போய்விடும்.

சென்னை, பெங்களூருக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள். துணிப் பெட்டி, ரெண்டு சக்கரம், நடுத்தர அளவு ஒன்று. வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பி ஞாயிறு திரும்புகிற பயணத்துக்கு டஃபிள் ஒன்று தனியாக. அதற்குப் பெட்டி எடுப்பது வீண் சுமை.

ஹாஸ்டல். ரக்ஸாக் ஒன்று, பூட்டி வைக்கத் தகர டிரங்கு ஒன்று. வேறு யோசிக்கவே வேண்டாம்.

துணி சாம்பிளோடு பையரை, அதாவது சரக்கு வாங்குகிறவரை, பார்க்கப் போகிற திருப்பூர்க்காரர். இங்கே இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. சாம்பிள் நசுங்காமல் போக வேண்டுமென்றால் கெட்டி. ஹோட்டலில் அடிக்கடி திறந்து மூட வேண்டுமென்றால், உள்ளூர் ரயில் ஏறி இறங்க வேண்டுமென்றால் துணி. ஐரோப்பாவில் கல் பாவிய தெருக்களில் நாலு சக்கரம் படுகிற பாட்டைப் பார்த்தவர்கள் துணிப் பக்கம் வந்துவிடுகிறார்கள்.

## கடையில் செய்ய வேண்டியது

ஓட்டின் நடுவில் கட்டைவிரலால் நன்றாக அமுக்குங்கள், அமுங்கித் திரும்பினால் சரி, கிறீச்சிட்டு வெளிறினால் வைத்துவிடுங்கள். கைப்பிடியை முழுதும் இழுத்து ஆட்டிப் பாருங்கள், கொஞ்சம் ஆடலாம், லொடலொட என்றால் வேண்டாம். ஜிப்பை மூலை வளைவில் ஒரு கையால் ஓட்டுங்கள், அங்கே திக்கினால் பெட்டி நிறைந்ததும் அங்கேதான் போகும். கடையிலிருக்கிற வேறு சாமானை உள்ளே போட்டுப் பக்கக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்குங்கள். முடிந்தால் கடைக்கு வெளியே தார் ரோட்டில் பத்தடி இழுத்துப் பார்க்கக் கேளுங்கள், கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

மூன்று பெட்டி செட்டைத் தள்ளுபடி விலையில் தருவார்கள். ஒன்றுக்குள் ஒன்று வைக்கலாம் என்பது வசதிதான், ஆனால் அதில் நடுவானதைத்தான் எடுப்பீர்கள், பெரியது வருடம் முழுக்க அட்டாலியில் உட்கார்ந்திருக்கும். அந்தக் காசுக்கு நல்லதாக நடுத்தரப் பெட்டி ஒன்றே எடுங்கள். பில்லை மட்டும் அன்றைக்கே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தெர்மல் தாளில் அடித்தது வாரண்டி முடிவதற்குள் வெளுத்துப் போய்விடும்.